அக்ரிடேஷன் பொறுப்பு தலையில் விழுந்தால் எங்கிருந்து தொடங்குவது?

ஒரு கல்வி நிறுவனத்துக்குத் தர அங்கீகாரம் வாங்கித்தரும் இந்தப் பொறுப்பை யாரும் கேட்டு வாங்குவதில்லை. துறைக் கூட்டம் முடிந்து எல்லோரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும்போது, "தர உறுதிப் பிரிவை இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை வரும். கூடவே ஒரு அலமாரிச் சாவி, போன தடவை அனுப்பிய அறிக்கை இருக்கும் ஒரு பென் டிரைவ், "இன்னும் பதினெட்டு மாதத்தில் குழு வருகிறது" என்ற தகவல். நேற்றுவரை வேதியியலோ வரலாறோ நடத்திக்கொண்டிருந்தவர் அன்று சாயங்காலம் 'கற்றல் விளைவு', 'வெளி மதிப்பீடு', 'தொடர் மேம்பாடு' என்று வேறொரு பாஷையைப் படிக்க உட்காருவார்.

அப்படி உட்கார்ந்திருப்பவருக்காகத்தான் இந்தக் கட்டுரை. அதிலும் உயர்கல்விச் சட்டமும் விதிகளுமே மாறிக்கொண்டிருக்கும் ஒரு நாட்டில் இருப்பவருக்காக. அங்கே வேலை இரட்டிப்பு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறையே இல்லாத கல்வி நிறுவனம் ஒன்று இருப்பதாக மதிப்பீட்டுக் குழுவில் வரும் யாரும் நம்புவதில்லை. அவர்களும் எங்கேயோ பாடம் நடத்துகிறவர்கள்தான். தன் குறையைத் தானே கண்டுபிடித்து, அதற்கு ஏதாவது செய்து, செய்தது பலித்ததா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் உங்களிடம் இருக்கிறதா என்றுதான் தேடுகிறார்கள். பதினெட்டு மாதத்தில் ஒரு கட்டடத்தையே கட்டிவிடலாம், இந்தப் பழக்கத்தைக் கடைசி இரண்டு மாதத்தில் உண்டாக்க முடியாது.

முதலில் சொற்கள்

உரிமம் என்பது கல்வி நிறுவனத்தைத் திறக்கவும் மாணவர்களைச் சேர்க்கவும் அரசு தரும் அனுமதி. அக்ரிடேஷன், அதாவது தர அங்கீகாரம், அதற்கு அடுத்தது: வெளியிலிருந்து வரும் நிபுணர்கள், ஏற்கெனவே வெளியிடப்பட்ட நெறிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, 'இது அந்த அளவை எட்டியிருக்கிறது' என்று ஒரு குறிப்பிட்ட காலத்துக்குச் சொல்வது. தணிக்கை என்று சில நாடுகளில் நடப்பதில், உங்கள் படிப்பு எப்படி இருக்கிறது என்பதைவிட, அதைக் கண்காணிக்க நீங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். தரவரிசைப் பட்டியலுக்கும் இவை எதற்கும் சம்பந்தம் இல்லை. மேலிடத்தில் இருப்பவர்கள் இந்த நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். நீங்கள் குழம்பாமல் இருந்தால் போதும்.

அடுத்த பிரிவு, நிறுவனம் முழுவதற்குமான அங்கீகாரமா, ஒரு படிப்புக்கு மட்டுமா என்பது. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் படிப்புவாரி அங்கீகாரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. 1989-இல் ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் கையெழுத்திட்ட வாஷிங்டன் ஒப்பந்தம் இதற்கு நல்ல உதாரணம். ஒரு உறுப்பு நாட்டில் அங்கீகாரம் பெற்ற பொறியியல் படிப்பை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கின்றன. அங்கே பேச்சு படிப்பைப் பற்றித்தான். வளாகம் எவ்வளவு பெரியது என்று யாரும் கேட்பதில்லை.

அப்புறம் ஒரு கேள்வியை மேலதிகாரியிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: இந்த அங்கீகாரம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் படித்தால்தான் மாணவருக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்கும். 1952-இல் கொரியப் போரில் இருந்து திரும்பியவர்களுக்கான சட்டத்தில் தொடங்கிய இந்த இணைப்பு, 1965-இன் உயர்கல்விச் சட்டத்தில் உறுதிப்பட்டது. வேறு சில நாடுகளில் அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு அரசு ஏற்கும் பட்டச் சான்றிதழே தர முடியாது. இன்னும் சில இடங்களில் பெயருக்கு ஒரு கௌரவம், அவ்வளவுதான். எது உங்கள் நிலைமை என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு ஆள், எவ்வளவு நேரம் கேட்பது என்று முடிவெடுக்க முடியும்.

விதியே மாறும் இடத்தில்

சோவியத் வழி வந்த நாடுகளில் முன்பு இருந்தது அரசு ஆய்வு. ஒரு மாணவருக்கு எத்தனை சதுர மீட்டர், நூலகத்தில் எத்தனை பிரதி, ஆசிரியர்களில் எத்தனை பேர் ஆய்வுப் பட்டம் பெற்றவர்கள் என்று எண்ணிப் பார்ப்பது. எண்ணிக்கை சரியாக இருந்தால் படிப்பும் சரி. பிறகு, பல நாடுகளின் உயர்கல்வி முறைகளை ஒன்றோடொன்று பொருந்தவைக்கும் பொலோனியா வழிமுறை வந்தது. 1999 ஜூனில் 29 ஐரோப்பிய நாடுகள் தொடங்கியது. 2005-இல் பெர்கன் மாநாட்டில் தர உறுதிக்கான பொது நெறிகளை ஏற்றுக்கொண்டார்கள். 2015-இல் யெரெவானில் அது திருத்தப்பட்டது. சுருக்கமாக ஈஎஸ்ஜி என்பார்கள். மூன்று பகுதிகள்: நிறுவனம் தனக்குள் செய்துகொள்ள வேண்டியவை 10, வெளி மதிப்பீடு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு 7, மதிப்பிடும் ஏஜென்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 7. ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தாலும் இதை ஒரு முறை வாசியுங்கள். பல நாடுகளின் நெறிகளில் இதன் சாயல் இருக்கும்.

காகிதத்தில் மாறுவதும் நடைமுறையில் மாறுவதும் ஒன்றல்ல. உக்ரைனில் 2014-இன் உயர்கல்விச் சட்டம் ஒரு சுயேச்சையான தர ஏஜென்சியை உருவாக்கச் சொன்னது. அது முறையாக இயங்கத் தொடங்கியது 2019-இல்தான். நடுவில் இருந்த ஐந்தாண்டில் ஒரு தர ஒருங்கிணைப்பாளரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். சரி, முதிர்ந்த அமைப்புகளிலாவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. 2016-இல் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், ஒரு மாநிலத்தின் அக்ரிடேஷன் விதிகளை எடுத்துக்கொண்டு, இவ்வளவு முக்கியமான விஷயத்தைச் சட்டமன்றம் தானே வகுக்காமல் பிறரிடம் விட்டது செல்லாது என்றது. 2018-இல் புது ஏற்பாடு வந்தது: ஏஜென்சி மதிப்பிட்டு அறிக்கை தரும், முடிவை அக்ரிடேஷன் கவுன்சில் எடுக்கும்.

இதனால் உங்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, உங்கள் விண்ணப்பத்துக்கு நெறிகளின் எந்தத் தேதியிட்ட பதிப்பு பொருந்தும் என்று ஏஜென்சியிடம் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கேட்டு, பதிலை ஃபைலில் வையுங்கள். போனில் கேட்டதை நம்பி எழுதப்பட்ட அறிக்கைகள் நடுவழியில் மொத்தமாகத் திருத்தப்பட்டதுண்டு. இன்னொன்று, மாறும் காலத்தில் பழைய பாஷையும் புதிய பாஷையும் ஒரே படிவத்தில் இருக்கும். முதல் பக்கம் சதுர மீட்டர் கேட்கும், பத்தாம் பக்கம் 'மாணவரை மையமாகக் கொண்ட கற்றல்' பற்றிக் கேட்கும். எண்ணிக்கைகளைப் பொறுப்பான ஒரு அலுவலரிடம் கொடுத்து ஒரே அட்டவணையாகச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் யோசனையை மற்றதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சில நாடுகளில் ஏஜென்சியை நிறுவனமே தேர்ந்தெடுக்கலாம். கஜகஸ்தானிலும் ஜெர்மனியிலும் அப்படித்தான். அப்படி வாய்ப்பு இருந்தால், கட்டணம் பார்க்கும் முன் அந்த ஏஜென்சிக்கே அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். ஐரோப்பாவில் 2008-இல் தொடங்கிய ஈகார் என்ற பதிவேடு இருக்கிறது. அமெரிக்காவில் கல்வித்துறையின் பட்டியலும், 1996-இல் அமைந்த சியா என்ற மன்றத்தின் பட்டியலும் இருக்கின்றன. பணம் கட்டினால் சான்றிதழ் அனுப்பும் போலி அக்ரிடேஷன் கடைகளும் ஊரில் உண்டு. 'சர்வதேச', 'உலகளாவிய' என்று ஆரம்பிக்கும் பெயரைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும்.

முதல் படி, படிப்பது

நெறிகளை அச்செடுங்கள். ஒவ்வொரு நெறிக்கும் ஒரு தனித் தாள் வைத்து, நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: நாம் இப்போது என்ன செய்கிறோம், அதற்கு என்ன ஆதாரம், இல்லாதது எது, இதைப் பற்றி உண்மையாகத் தெரிந்தவர் யார்.

நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். மாணவர் சேர்க்கை, படிப்பில் முன்னேற்றம், சான்றிதழ் பற்றிய நெறிக்குத் துறைத்தலைவர் ஒரு பதில் சொல்வார். பதிவாளர் அலுவலகத்தில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவர் வேறு பதில் சொல்வார். இரண்டாவது பதில்தான் சரியாக இருக்கும். வேறு கல்லூரியில் படித்த பாடங்களை இங்கே எப்படிச் சேர்த்துக்கொள்கிறீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். "அது ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி பண்ணுவோம்" என்றால், உங்கள் முதல் உண்மையான குறை கிடைத்துவிட்டது. சந்தோஷப்படுங்கள். இப்போது தெரிந்தது நல்லது.

இந்தச் சுற்று ஒரு மாதம் எடுக்கும். அதற்குமுன் அறிக்கையில் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

குழு அமைப்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறேழு பேர், அதில் ஒரு மாணவர், ஒரு நிர்வாக அலுவலர், கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒருவர். இருபது பேர் குழு என்றால் வேலை செய்வது எப்படியும் நான்கு பேர்தான்.

கற்றல் விளைவுகள்: இங்கே நேரத்தைக் கொட்டலாம்

சீர்திருத்தத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பழைய சிலபஸ் ஆசிரியர் எதை நடத்துவார் என்று சொல்லும். புதிய முறை, படித்து முடித்த மாணவர் எதைச் செய்வார் என்று சொல்லச் சொல்கிறது. கேட்க எளிது. செய்யும்போது எல்லோரும் பழைய தலைப்புகளுக்குப் பின்னால் 'அறிந்துகொள்வார்' என்று ஒட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள்.

ஒரு புள்ளியியல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 'மாணவர் கருதுகோள் சோதனையின் அடிப்படைகளை அறிந்துகொள்வார்' என்று எழுதியிருக்கிறது. அறிந்துகொண்டாரா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? இதை இப்படி மாற்றிப் பாருங்கள்: 'கொடுத்த தரவுக்கு எந்தச் சோதனை பொருந்தும் என்று தேர்ந்தெடுத்து, ஏன் என்று காரணம் சொல்லி, கிடைத்த முடிவைப் புள்ளியியல் தெரியாத ஒருவருக்கும் புரியும்படி நான்கைந்து வரியில் எழுதுவார்.' இப்போது பார்க்க முடியும்.

அடுத்ததுதான் கசப்பான பயிற்சி. அந்தப் பாடத்தின் ஆசிரியரோடு ஒரு மத்தியானம் உட்காருங்கள். போன வருட வினாத்தாளை ஒரு பக்கமும் விளைவுகளை மறு பக்கமும் வையுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே அது எந்த விளைவைச் சோதிக்கிறது என்று பென்சிலால் எழுதுங்கள். எட்டுக் கேள்வியில் ஆறு 'வரையறு', 'நிறுவு' என்று இருக்கும். சோதனையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வி ஒன்று. முடிவை எழுதச் சொல்லும் கேள்வி எதுவும் இருக்காது. அப்படியானால் மாணவர் முதல் வகுப்பில் தேறியிருந்தாலும், நாம் எழுதிவைத்த விளைவை எட்டினார் என்று சொல்ல நம்மிடம் ஒன்றுமே இல்லை. இதை ஆசிரியரிடம் நீங்கள் சொல்லிக்காட்ட வேண்டாம். பென்சில் குறிகளை அவரே பார்ப்பார், கொஞ்ச நேரம் பேசமாட்டார், அப்புறம் "அடுத்த தடவை இந்த இரண்டாவது கேள்வியை மாற்றிவிடலாம்" என்பார். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி போட்டு ஃபைலில் வையுங்கள். பின்னால் அறிக்கையில் சேர்க்கப்போகும் வண்ண வரைபடங்களைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

ஒரு பாடத்துக்கு நான்கு முதல் ஆறு விளைவுகள் போதும். கற்றலை எளியதிலிருந்து கடினமானதுவரை படிப்படியாக அடுக்கும், 1956-இல் வந்த ப்ளூம் வகைப்பாட்டை வைத்து வினைச்சொல் அட்டவணைகள் நிறையச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கை கொடுக்கும், ஆனால் 'பகுப்பாய்வு செய்வார்' என்று எழுதியதாலேயே பகுப்பாய்வு நடந்துவிடாது. விளைவுகளையும் பாடங்களையும் கட்டம் போட்டு, 1, 2, 3 என்று எண் கொடுத்து, எட்டிய அளவு 2.37 என்று தசமத்தில் கண்டுபிடிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கேட்டால் கொடுங்கள். ஒரே இரவில் ஊகத்தில் நிரப்பிய கட்டத்தில் இருந்து இரண்டு தசம ஸ்தானத் துல்லியம் எப்படி வரும் என்று மட்டும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிரெடிட் கணக்கையும் இந்தச் சமயத்திலேயே பாருங்கள். ஐரோப்பிய முறையில் ஒரு வருடத்துக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வகுப்புக்கு வெளியே படிப்பதும் சேர்த்து. 5 கிரெடிட் பாடம் என்றால் 125 முதல் 150 மணி நேரம். மாணவர்களிடம் உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்களா? பத்துப் பேரைக் கூப்பிட்டு இரண்டு வாரம் குறித்து வைக்கச் சொல்லுங்கள். கிடைக்கும் எண்கள் பல நேரம் அதிர்ச்சியாக இருக்கும், இரண்டு திசையிலும்.

ஆதாரம்

ஆதாரம் என்றால் கொள்கை ஆவணங்களைக் குவிப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். தர உறுதிக் கொள்கை இருக்க வேண்டியதுதான். ஆனால் அது சமையல் குறிப்பு மாதிரி, சமைத்ததற்குச் சான்று ஆகாது.

ஒரு பக்கத்தில் அடங்கும் ஆதாரம் எப்படி இருக்கும் என்று ஒரு கற்பனை உதாரணம் தருகிறேன். இரண்டாம் பருவப் பாடம் ஒன்றை 112 பேர் எழுதி 47 பேர் தேறவில்லை. துறைக் கூட்டத்தில் பேசியதற்கு மினிட்ஸ் இருக்கிறது. முதலில் 'மாணவர் தரம் குறைந்துவிட்டது' என்றார்கள். பிறகு யாரோ விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தார்கள். தேறாதவர்களில் பெரும்பாலோர் ஒரே அலகில், முதல் பருவத்தில் வந்திருக்க வேண்டிய ஒரு கணித அடிப்படையில் தடுக்கி விழுந்திருந்தார்கள். முதல் பருவ சிலபஸில் அந்த அடிப்படை போன திருத்தத்தின்போது எடுக்கப்பட்டிருந்தது. அதைத் திரும்பச் சேர்த்தார்கள், இரண்டு வாரத் துணை வகுப்பு வைத்தார்கள். அடுத்த வருடம் 104 பேர் எழுதி 29 பேர் தேறவில்லை. இன்னும் அதிகம்தான். பகுதிநேர மாணவர்கள் துணை வகுப்புக்கு வர முடியவில்லை என்று தெரிந்தது. அதற்கு இப்போது ஒரு ஏற்பாடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் வெற்றிக்கதை எதுவும் இல்லை. ஆனால் கண்டது, தப்பாக ஊகித்தது, மாற்றியது, நடந்தது, மிச்சம் இருப்பது எல்லாம் தேதியோடு இருக்கிறது. இப்படி மூன்று பக்கங்கள் கையில் இருந்தால் குழுவின் முன் நிமிர்ந்து உட்காரலாம்.

பின்தேதி போட்டு மினிட்ஸ் தயாரிக்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். நான் உதவிக்குப் போன ஒரு இடத்தில் மூன்று வருடத் தீர்மானப் புத்தகம் முழுக்க ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே வேகத்தில் இருந்தது. குழுவில் வந்த ஒரு அம்மா பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டினார். ஒரு கூட்டத்தின் வருகைப் பட்டியலில் விரல் வைத்து, எதிரே இருந்த இளம் ஆசிரியையிடம், "நீங்கள் எப்போது வேலைக்குச் சேர்ந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். சேர்ந்த தேதி அந்தக் கூட்டத்துக்கு எட்டு மாதம் பிந்தியது. அதற்குப் பிறகு அந்த அறையில் நாங்கள் நீட்டிய உண்மையான காகிதங்களையும் யாரும் நம்பவில்லை. கூட்டம் நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்று சொல்லுங்கள், இனி எப்போது நடக்கும் என்று சொல்லுங்கள்.

மாணவர் கருத்துக் கேட்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 5-க்கு 4.6 என்ற சராசரியைப் பெருமையாக முதல் பக்கத்தில் போடுவார்கள். அதில் இருந்து யாருக்கும் எதுவும் தெரியாது. முப்பது கேள்விப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஐந்து கேள்வி வையுங்கள், அதில் இரண்டு சொந்த வார்த்தையில் எழுதும்படி. வந்ததில் எதைச் செய்தீர்கள், எதைச் செய்ய முடியவில்லை, ஏன் என்று அடுத்த பருவத் தொடக்கத்தில் மாணவர்களுக்குத் திரும்பச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாவது தடவை எல்லாக் கட்டத்திலும் நேர்கோடாக டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

சுயமதிப்பீட்டு அறிக்கை

பல பேர் துண்டு துண்டாக எழுதலாம். ஒருவர்தான் கடைசியில் முழுதாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் மாணவர் எண்ணிக்கை 9-ஆம் பக்கத்தில் ஒன்று, 31-ஆம் பக்கத்தில் ஒன்று, இணைப்பில் இன்னொன்று என்று வரும். எண்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கெடுப்புத் தேதி வைத்து, அந்தத் தேதியை முன்னுரையிலேயே சொல்லிவிடுங்கள்.

பெயரடைகளை வெட்டுங்கள். 'எமது துறை சர்வதேசத் தரத்திற்கு இணையான ஆய்வக வசதிகளைக் கொண்டு சிறப்புற இயங்கி வருகிறது' என்ற வாக்கியத்தில் மதிப்பீட்டாளருக்கு ஒன்றுமே கிடைக்காது. 'ஆய்வகத்தில் ஒரே நேரத்தில் 24 பேர் வேலை செய்யலாம். எங்கள் வகுப்பில் 60 பேர். அதனால் மூன்று குழுவாகப் பிரிக்கிறோம், மூன்றாவது குழுவுக்குச் சாயங்காலம்தான் இடம் கிடைக்கிறது, இது அவர்களுக்குச் சிரமம்' என்று எழுதினால் அவர் உங்களை நம்ப ஆரம்பிப்பார். மேலிடம் இந்தக் கடைசி வரியை அடிக்கச் சொல்லும். அந்தச் சண்டையை முடிந்தவரை போடுங்கள். எப்படியும் மாணவர்கள் சொல்லப்போகிறார்கள்.

பக்க வரம்பு இருந்தால் மதியுங்கள். ஆதாரங்களுக்கு எண் கொடுங்கள், அந்த எண்ணைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் காகிதம் கைக்கு வர வேண்டும். வெளிநாட்டு நிபுணர்கள் குழுவில் வருவது சீர்திருத்தம் நடக்கும் நாடுகளில் சகஜம். அவர்கள் மொழிபெயர்ப்பைத்தான் படிப்பார்கள். 'துறை', 'பிரிவு', 'புலம்', 'பள்ளி' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே மொழிபெயர்ப்பை முதலிலேயே முடிவு செய்து ஒரு பக்கச் சொற்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பிரிவை மூன்று பெயரில் படித்துவிட்டு, இல்லாத இரண்டு பிரிவைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள்.

ஆலோசகர்களை அமர்த்தலாமா? நெறிகளைப் புரியவைக்க, ஒத்திகை மதிப்பீடு செய்ய, சரி. அறிக்கையையே எழுதித்தரச் சொன்னால் வேறொரு நிறுவனத்தின் வாசனை அடிக்கும். குழு கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல ஆலோசகர் இருக்கமாட்டார்.

குழு வரும் நாட்கள்

பெரும்பாலும் இரண்டு மூன்று நாள். நிர்வாகம், அறிக்கை எழுதியவர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள், படித்து முடித்தவர்கள், வேலை கொடுப்பவர்கள் என்று தனித்தனியாகச் சந்திப்பார்கள். ஒரு அறையில் இருப்பவர் இன்னொரு அறையில் இருக்கக் கூடாது. ஈஎஸ்ஜி வழியில் நடந்தால் மதிப்பீட்டுக் குழுவிலேயே ஒரு மாணவர் உறுப்பினராக இருப்பார். அவரைச் சின்னப் பிள்ளை மாதிரி நடத்தாதீர்கள். சில நேரம் கூர்மையான கேள்வி அவரிடமிருந்துதான் வரும்.

மாணவர்களுக்குப் பதில் சொல்லிக்கொடுப்பதைப் போன்ற வீண் வேலை இல்லை. ஒரு முறை ஒரு மாணவர் நிறுவனத்தின் இலக்கு வாசகத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். "நல்லது, அதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்கள். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். வேறொரு சந்திப்பில் ஒரு பெண், ஆய்வகத்தில் முக்கியமான கருவி நான்கு மாதமாகப் பழுதாகிக் கிடக்கிறது, செய்முறையை வீடியோவில்தான் பார்த்தோம் என்றார். அந்தப் பழுது அறிக்கையில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது, பழுது பார்க்கும் ஒப்பந்தத்தின் நகலோடு. குழுத் தலைவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள், பெயர் வெளியே வராது.

உங்கள் வேலை அந்த நாட்களில் வெளியே, போனும் ஆதாரப் பட்டியலுமாக உட்கார்ந்திருப்பது. கேட்ட காகிதம் இருந்தால் உடனே கொடுங்கள், இல்லாவிட்டால் இல்லை என்று உடனே சொல்லுங்கள். தண்ணீர், சாப்பாடு, அமைதியான அறை, வேலை செய்யும் இணையம் போதும். பரிசுப் பொருள் வேண்டவே வேண்டாம், சால்வைகூட வேண்டாம். சிலியில் தேசிய அக்ரிடேஷன் ஆணையத்தின் முன்னாள் தலைவர் மீதே 2012-இல் பல்கலைக்கழகங்களிடம் பணம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அதற்கு முன் தரப்பட்ட அங்கீகாரங்கள் மேலும் சந்தேகம் விழுந்தது. 2018-இன் சட்டத்தில் அந்த முறையையே திருத்தினார்கள்.

அறிக்கை வந்த பிறகு

குழுவின் வரைவு அறிக்கையை, தகவல் பிழை இருக்கிறதா என்று பார்க்க உங்களுக்கு அனுப்புவார்கள். தகவல் பிழை என்றால் தகவல் பிழை மட்டும்: எண் தப்பு, பாடத்தின் பெயர் தப்பு, இருக்கும் ஆவணத்தை இல்லை என்று எழுதியது. 'எங்கள் துறையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டீர்கள்' என்ற வாதத்துக்கு அது இடமில்லை. அதற்கு மேல்முறையீடு என்று தனி வழி இருக்கும், கெடுவும் இருக்கும். கெடுத் தேதியை வரைவு வந்த அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

முடிவு மூன்று விதமாக வரலாம்: முழு அங்கீகாரம், நிபந்தனையுடன் அங்கீகாரம், மறுப்பு. சீர்திருத்தத்தின் முதல் சுற்றில் நிபந்தனை வருவதை அவமானமாக நினைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே ஒரு ஆளின் பெயர் எழுதுங்கள். 'சம்பந்தப்பட்ட துறை' என்று எழுதினால் யாருமே செய்யமாட்டார்கள். அடுத்து ஒரு தேதி, அடுத்து எந்தக் காகிதம் வந்தால் அது முடிந்ததாகக் கணக்கு என்பது. நிபந்தனையையும் பரிந்துரையையும் கலக்காதீர்கள். முதலாவது கட்டாயம், இரண்டாவதைச் செய்யலாம், அல்லது ஏன் செய்யவில்லை என்று காரணம் எழுதலாம்.

பரிந்துரைகளில் சிலது உங்கள் கையில் இருக்காது. சம்பள விகிதத்தை மாற்று, நுழைவுத் தேர்வை மாற்று என்று எழுதியிருப்பார்கள். அதை அப்படியே அமைச்சகத்துக்கோ ஆளும் குழுவுக்கோ கடிதமாக அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றில் வருபவர்கள் முதலில் திறப்பது உங்களுக்கு வந்த இந்த அறிக்கையைத்தான்; அதில் சொன்னதற்கு என்ன ஆயிற்று என்பதுதான் அவர்களின் முதல் கேள்வியாக இருக்கும்.

அந்தப் பென் டிரைவில் இப்போது உங்கள் அறிக்கையும் சேர்ந்திருக்கும். அடுத்து வருபவரிடம் கொடுக்கும்போது அதோடு நான்கு பக்கக் குறிப்பு ஒன்று எழுதிச் சேருங்கள்: எந்த எண் எந்த அலுவலகத்தில் கிடைக்கும், யாரிடம் கேட்டால் உண்மையான பதில் வரும், எந்த நெறிக்கு நம்மிடம் இன்னும் ஆதாரம் இல்லை, பென்சில் குறி போட்ட வினாத்தாள்கள் எந்தத் தட்டில் இருக்கின்றன.